கூப்பிட்ட குரலுக்கு வரும் காக்கை

காக்கையைச் சுடுவதற்கென்று நாலு பேர் கூட்டுச் சேர்ந்து, விடியற்காலம் நாலரை மணிக்கு எழுந்து, உறைபனியை மிதித்துக்கொண்டு வயற்காட்டுக்குப் போவார்கள் என்று சொன்னால் நம்மவர்களில் பலர் நம்பமாட்டார்கள். நமக்குக் காக்கை என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பிடி சோறு பெற்றுக்கொண்டு போகும் விருந்தாளி. அமாவாசையன்று அது சோற்றைத் தொடாமல் பறந்துவிட்டால் வீட்டுப் பெரியவர்களின் முகம் வாடிவிடும். தெருப் பையன்கள் அதன் மீது கல்லெறிவதுண்டு. வடாம் காயவைக்கும் நாட்களில் பாட்டிமார்கள் கோலோடு காவல் இருப்பதும் உண்டு. ஆனால் காக்கையின் பொருட்டு ஒரு தோட்டாவைச் செலவழிக்க நம் ஊரில் எவருக்கும் தோன்றாது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அப்படியல்ல. அங்கே காக்கை வேட்டை ஒரு முறையான வேட்டை. அதற்குப் பருவம் உண்டு, சட்டம் உண்டு, தனிப்பட்ட கருவிகள் உண்டு, சாஸ்திரமும் உண்டு. பெர்ட் பொபௌஸ்கி என்ற வேட்டை எழுத்தாளர் 1946ஆம் வருஷத்திலேயே காக்கை சுடுவதைப் பற்றி மட்டும் ஒரு முழுப் புத்தகம் எழுதி வெளியிட்டார். 2023ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், இல்லினாய் மாகாணத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தபோது, இந்த வேட்டைக் கூட்டம் ஒன்றுடன் ஒரு காலைப்பொழுதைக் கழிக்க நேர்ந்தது. துப்பாக்கியை நான் தொடவில்லை. கூட உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஆயினும் அன்று கண்டதை இன்னும் மறக்க முடியவில்லை.

என் தங்கையின் அண்டை வீட்டுக்காரர் அறுபது வயது கடந்த விவசாயி. மக்காச்சோளமும் சோயா மொச்சையும் பயிரிடுகிறவர். நான் பள்ளிக்கூட ஆசிரியன் என்று தெரிந்ததும், "அப்படியானால் எங்கள் கூட்டத்திலும் ஒரு வாத்தியார் இருக்கிறார், வாருங்கள், உங்களுக்குப் பேச்சுத் துணை கிடைக்கும்" என்று அழைத்தார். அவருடைய மகன், அந்த வட்டாரத்துக்குத் தபால் கொண்டு வருகிறவர், உயிர்நூல் கற்பித்து ஓய்வு பெற்ற ஒரு முதிய ஆசிரியர் — இவர்களே மற்ற மூவர்.

நாங்கள் சென்ற இடம் இரண்டு சோள வயல்களுக்கு நடுவே ஓடும் ஒரு பழைய வேலி. வேலி என்றால் கம்பி வேலியன்று. முள் நிறைந்த ஆசேஜ் மரங்களை நெருக்கமாக நட்டு வளர்த்த உயிர்வேலி. முள்ளுக்கம்பி வருவதற்கு முன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பிரதேசத்துக் குடியானவர்கள் இப்படித்தான் எல்லை கட்டினார்கள். அறுவடை முடிந்து இரண்டு மாதங்களுக்கு மேலாகியும், அடித்தாள்களுக்கு இடையில் சிதறிய சோளமணி கிடந்தது. அதைப் பொறுக்கத்தான் காக்கைகள் தினந்தோறும் அந்த வழியே வருகின்றன.

குளிர்காலத்துக் காக்கையின் நாள் இரண்டு பகுதியாகப் பிரிந்திருக்கிறது. பகலில் அது தன் குடும்பத்தோடு மேய்கிறது. பொழுது சாயும்போது பல குடும்பங்கள் ஒன்றுகூடி ஒரே இடத்தில் இரவைக் கழிக்கின்றன. இல்லினாயில் டான்வில், அதற்குத் தெற்கே இந்தியானா மாகாணத்தில் டெரே ஹோட் போன்ற நகரங்களில் இப்படிப் பல்லாயிரம் காக்கைகள் கூடி, கட்டடங்களையும் வண்டிகளையும் வெள்ளையடித்து, நகரசபையாரைக் கலங்கடிப்பது வழக்கம். காலையில் அவை குறித்த ஆகாய மார்க்கங்களில் வயல்களை நோக்கிப் பறக்கின்றன. அந்த மார்க்கத்தை இரண்டு மூன்று நாள் முன்னதாகவே கவனித்து வைப்பதுதான் வேட்டையின் முதல் பாடம். எங்கள் விவசாயி ஒரு வாரமாகக் கவனித்து வைத்திருந்தார்.

இனிப் பதுங்கிடத்தைச் சொல்லுகிறேன். மரங்களின் அடியில் பழுப்பு வர்ண வலையை இழுத்துக் கட்டி, அதன் மேல் சோளத்தட்டையையும் காய்ந்த புல்லையும் செருகினார்கள். முன்புறம் மார்பளவு மறைப்பு. தலைக்கு மேல் கிளைகள். மான் வேட்டையில் எதிரிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மறைந்தால் போதும். காக்கையோ மேலிருந்து பார்க்கும் பிராணி. ஆகையால் கூரையில்லாத பதுங்கிடம் பயன்படாது என்றார் முதிய ஆசிரியர். ஒவ்வொருவரும் முகத்தில் வலைத்துணி கட்டிக் கைகளுக்கும் உறை போட்டுக்கொண்டார்கள். வெளுத்த முகம் ஒன்று அண்ணாந்து பார்த்தால் நூறு கஜத்துக்கு அப்பாலேயே காக்கை திரும்பிவிடுமாம். "உமக்கு அந்தக் கவலை கொஞ்சம் குறைவு" என்று தபால்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் எனக்கும் ஒரு முகத்துணி கிடைத்தது.

நால்வரும் நாலைந்து அடி இடைவிட்டு ஒரே வரிசையில் அமர்ந்தார்கள். அவரவருக்கு ஆகாயத்தில் ஒரு பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டது. இடப்புறம் உட்கார்ந்தவர் வலப்புறத்துப் பறவையைத் தொடரக் கூடாது. துப்பாக்கி முனை ஒருபோதும் வரிசையைக் குறுக்கிட்டுத் திரும்பக் கூடாது. தலைவர் சொல் கொடுத்த பின்னரே சுட வேண்டும். எவரேனும் வெளியே எழுந்து போனால் எல்லோரும் தோட்டாவை எடுத்துவிட வேண்டும். விவசாயி இவற்றை வகுப்பில் விதி சொல்வது போல் ஒவ்வொன்றாகச் சொல்லி, தம் மகனைத் திரும்பச் சொல்லச் செய்தார். அந்த மகனுக்கு முப்பத்தைந்து வயது.

காற்று மேற்கிலிருந்து வீசியது. பறவை இறங்கும்போது காற்றை எதிர்த்தே இறங்கும். எனவே காற்று வேட்டைக்காரர் முதுகில் பட்டால், பறவை அவரை நோக்கி நேரே வரும். ஆனால் அன்று காற்றை முதுகில் வாங்கினால் உதயசூரியனைக் கண்ணில் வாங்க வேண்டியிருந்தது. விவசாயி சற்று யோசித்துக் காற்றின் பக்கமே சேர்ந்தார். அந்தத் தீர்மானம் பிற்பாடு என்னால் கெட்டுப்போனதைச் சொல்லப்போகிறேன்.

முப்பது கஜத்துக்கு முன்னால் அவர்கள் நாடக அரங்கம் ஒன்று அமைத்தார்கள். உயர்ந்த கம்பத்தின் நுனியில் ஒரு ஆந்தைப் பொம்மை. கொம்பு போன்ற காதுச் சிறகும் மஞ்சள் கண்ணும் உடைய பெரிய கொம்பன் ஆந்தை. அதைச் சுற்றிக் கிளைகளில் ஏழெட்டுக் காக்கைப் பொம்மைகள், எல்லாம் ஆந்தையைப் பார்த்தபடி. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு பட்ட கிளையில், காவற்காரன் போல ஒற்றைக் காக்கை. அந்தப் பொம்மைகளை வெறுமே மையில் தோய்த்து எடுத்துவிட்டால் போதாது. சூரியன் பட்டால் மின்னும்; மின்னினால் காக்கை கண்டுகொள்ளும். ஆகவே வெல்வெட்டுத் துணி போல மெல்லிய தூவி ஒட்டியிருக்கிறார்கள். நம் நாட்டுப் பழைய வேட்டுவர் பழக்கிய மானைக் கட்டிவைத்துக் காட்டு மானைப் பிடித்தார்கள். அதற்குப் 'பார்வை' என்று பெயர். இதுவும் பார்வைதான், ஆனால் உயிரில்லாத பார்வை.

ஆந்தை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். காக்கைக்கும் கூகைக்கும் உள்ள தீராப் பகையைப் பஞ்சதந்திரம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் மூன்றாம் தந்திரம் முழுவதும் அந்த யுத்தமே. வள்ளுவரும் காலமறிதலுக்கு உவமை தேடியபோது இந்தப் பகையையே எடுத்துக்கொண்டார். கங்கைக் கரையிலும் காவிரிக் கரையிலும் நம் முன்னோர் கண்ட அதே பகை, வேறு ஜாதிக் காக்கைக்கும் வேறு ஜாதி ஆந்தைக்கும் இடையே இல்லினாயிலும் இருக்கிறது. இரவில் கொம்பன் ஆந்தை சத்தமின்றி வந்து, தூங்கும் காக்கையையும் கூட்டிலுள்ள குஞ்சையும் கொண்டுபோகிறது. பகலில் அந்த ஆந்தை எங்கேனும் கண்ணில் பட்டால், கண்ட காக்கை கூச்சலிடுகிறது. கூச்சல் கேட்ட காக்கை ஒவ்வொன்றும் போட்ட காரியம் போட்டபடி கிடக்க ஓடிவருகிறது. இருபதும் முப்பதும் சேர்ந்து ஆந்தையை விரட்டி விரட்டித் துன்புறுத்துகின்றன.

இந்த ஒரு குணத்தின் மேல்தான் அந்த வேட்டை முழுவதும் நிற்கிறது. வாத்தை ஏமாற்றுகிறவன் அதன் பசியைக் கொண்டு ஏமாற்றுகிறான், மீனும் அப்படியே. காக்கையை ஏமாற்றுகிறவனோ, ஆபத்தில் கூப்பிட்டவனுக்கு உதவ ஓடிவரும் அதன் சுபாவத்தைக் கொண்டு ஏமாற்றுகிறான்.

முன்னெல்லாம் மரத்தால் செய்த சிறு ஊதுகுழலை வாயில் வைத்து ஊதிக் காக்கைக் குரல் எழுப்புவார்கள். விவசாயியின் கழுத்தில் இன்னும் ஒன்று தொங்குகிறது. அவருடைய தகப்பனார் வைத்திருந்தது. இப்போது மின்சாரக் குரல் கருவி வந்துவிட்டது. வாத்து வேட்டையில் இக்கருவிக்குத் தடை. காக்கைக்குப் பல மாகாணங்களில் அந்தத் தடை கிடையாது. ஒலிப்பெட்டியைப் பதுங்கிடத்துக்கு அருகில் வைக்காமல் பொம்மைகளின் நடுவே வைத்தார்கள். வருகிற பறவையின் கண் அங்கேயே நிலைக்க வேண்டுமல்லவா?

ஏழு மணிக்குக் கிழக்கே செவ்வானம் படர்ந்தது. சிறிது நேரத்தில் முதல் காக்கைகள் தெரிந்தன. கழுத்தில் சாம்பல் வர்ணம் கிடையாது. நம் அண்டங்காக்கை போல முழுக் கறுப்பு. விவசாயி கருவியைத் தட்டினார். முதலில் ஒற்றைக் காக்கையின் சாதாரணக் குரல்; பிறகு இரண்டு; பிறகு திடீரென்று ஆந்தையின் உறுமலும், அதன் நகத்தில் அகப்பட்ட காக்கையின் அலறலும். நான் நடுங்கிப்போனேன். அந்த அலறலுக்குப் பாஷை வேண்டியதில்லை.

ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்த ஆறு காக்கைகள் இறக்கையை மடித்துக் கல் விழுவது போல இறங்கி வந்தன. ஒன்று ஆந்தையின் தலையைத் தட்டிவிட்டே மேலெழுந்தது. "இப்போது!" என்றார் விவசாயி. துப்பாக்கிகள் முழங்கின. மூன்று விழுந்தன. மற்ற மூன்றும் விலகிப் பறந்து, தூரத்தில் ஒரு வட்டம் சுற்றி, விழுந்தவற்றின் மேலேயே கதறிக்கொண்டு திரும்பி வந்தன. நாம் எதிர்பார்ப்பது ஓட்டம். அவை செய்தது அது. அவற்றிலும் ஒன்று விழுந்தது.

இருபத்தைந்து நிமிஷத்தில் பதினொரு காக்கைகள் விழுந்தன. பிறகு வானம் வெறிச்சென்றாயிற்று. இதுவும் எப்போதும் நடப்பதுதானாம். ஒரே இடத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் வேட்டை நிலைக்காது, செய்தி பரவிவிடும். கூட்டத்தார் மூட்டை கட்டிக்கொண்டு சில மைல்களுக்கு அப்பால் வேறிடம் பார்க்க வேண்டும்; பழைய இடத்துக்குப் பல வாரம் வரையில் திரும்பக் கூடாது.

அந்த இடைவேளையில் முதிய ஆசிரியர் என் பக்கத்தில் வந்து அமர்ந்து, காப்பியைப் பகிர்ந்துகொண்டு பேசினார். சியாட்டில் நகரத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் மார்ஸ்லஃப் 2006இல் தொடங்கிய பரிசோதனை ஒன்றைச் சொன்னார். ஆதிமனிதன் முகம் போன்ற முகமூடி ஒன்றை அணிந்து ஏழு காக்கைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு விட்டுவிட்டார்கள். அதற்குப் பின் அந்த முகமூடியுடன் எவர் நடந்தாலும் காக்கைகள் சூழ்ந்து வைதன. முகமூடி இல்லாத அதே மனிதரை ஒன்றும் செய்யவில்லை. வருஷங்கள் செல்லச் செல்ல வைகின்ற காக்கைகளின் தொகை குறையவில்லை, பெருகிற்று. பிடிபட்ட நாளில் பிறந்தே இராத குஞ்சுகளும் தாய் தந்தையரைப் பார்த்து அந்த முகத்தை வெறுக்கக் கற்றுக்கொண்டன. அவருடைய மாணவி கேலி ஸ்விஃப்ட் இறந்த காக்கையைக் கையில் ஏந்தி மனிதர்களை நிற்கச் செய்து பார்த்தார். அந்த முகங்களை ஆறு வாரங்களுக்குப் பின்னும் காக்கைகள் மறக்கவில்லை.

"இவ்வளவும் தெரிந்தும் சுடுகிறீரே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொண்டேன், நான் விருந்தாளி.

அவர் கோபிக்கவில்லை. "அறிவில்லாத பறவையைச் சுடுவதில் என்ன இருக்கிறது?" என்றார். அந்த விடை எனக்கு அன்றும் சரியாகப் படவில்லை; இன்றும் படவில்லை. ஆயினும் அது நேர்மையான விடை.

விவசாயியிடம் வேறு கேள்வி கேட்டேன்: இந்தக் காக்கைகளால் உமக்கு என்ன நஷ்டம்? அவரும் உள்ளதை உள்ளபடி சொன்னார். ஜனவரியில் நஷ்டம் ஒன்றுமில்லை. அவை தின்பது உதிர்ந்த மணி. நஷ்டம் மே மாதத்தில், முளைத்த சோளத்தைப் பிடுங்கும்போது. ஆனால் குளிர்காலத்துக் கூட்டத்தில் வடக்கேயிருந்து வந்த காக்கைகள் ஏராளமாகக் கலந்திருக்கின்றன. மே மாதத்தில் முளை பிடுங்குவதோ உள்ளூரில் கூடு கட்டும் குடும்பம். குற்றவாளி ஒருவன், தண்டனை பெறுபவன் இன்னொருவன் என்று சொல்ல நிறைய இடம் உண்டு. அமெரிக்க விவசாய இலாகாவைச் சேர்ந்த கால்ம்பாக் என்பவர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காக்கைகளின் இரைப்பையைச் சோதித்து 1918இல் வெளியிட்ட அறிக்கையிலேயே, சோளத்தோடு சேர்த்துப் பயிருக்குப் பகையான புழுபூச்சிகளையும் அவை ஏராளமாகத் தின்பதைக் காட்டியிருக்கிறார்.

அறிக்கை என்னவாயினும் ஜனங்களின் ஆத்திரம் வெகுகாலம் தணியவில்லை. காக்கைத் தலைக்குப் பரிசு கொடுத்தார்கள். 1940இல் இதே இல்லினாயில் ராக்ஃபோர்டு நகருக்கருகே, காக்கைகள் இரவு தங்கும் தோப்பில் வெடிகுண்டுகளைக் கட்டி, ஒரே இரவில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவற்றைக் கொன்றார்கள். 1972இல் மெக்ஸிகோவுடன் செய்த உடன்படிக்கைத் திருத்தத்தில்தான் காக்கைக் குலத்துக்குச் சட்டத்தின் நிழல் கிடைத்தது. அது முதல் எந்த மாகாணத்திலும் காக்கை வேட்டைப் பருவம் வருஷத்தில் 124 நாட்களைத் தாண்டக் கூடாது. கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலத்தின் உச்சத்தில் கூடாது. ஆகாய விமானத்திலிருந்து சுடக் கூடாது. நான் சென்ற வருஷம் இல்லினாயில் அக்டோபர் 28 முதல் பிப்ரவரி 28 வரை பருவம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், சரியாக 124. சில மாகாணங்கள் கெட்டிக்காரத்தனமாக வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் என்று வைத்து, அதே 124 நாட்களை வருஷத்தின் பெரும்பகுதிக்கு நீட்டிக்கொள்கின்றன. சட்டத்தை அளந்து பார்க்கும் வித்தை எல்லாத் தேசத்தாருக்கும் பொதுவே.

மனிதனுடைய குண்டை விடக் கொடியது கொசுவின் வாயில் வந்தது. மேற்கு நைல் ஜுரம் 1999இல் நியூயார்க்கில் தோன்றி, 2002க்குள் இல்லினாயையும் வளைத்துக்கொண்டது. அந்த நோய் பற்றிய அமெரிக்கக் காக்கை பிழைப்பதே அரிது. எந்த ஊரில் காக்கை செத்து விழுகிறதோ அந்த ஊருக்கு ஜுரம் வந்துவிட்டது என்று சுகாதார அதிகாரிகள் அறிந்துகொண்டார்கள். சோற்றுக்கு மட்டுமின்றிச் சாவிலும் அது மனிதர்க்கு முன்னறிவிப்புச் செய்தது.

எட்டரை மணிக்கு இன்னொரு கூட்டம் கிழக்கே தெரிந்தது; முப்பதுக்குக் குறையாது. இடம் மாற்றாமல் இன்னொரு முறை முயலலாம் என்று விவசாயி மறுபடி பதுங்கச் சொன்னார். அலறல் தொடங்கியது. கூட்டம் திரும்பியது, தாழ்ந்தது, நெருங்கியது. அப்போது பின்புறத்திலிருந்து சத்தமே இல்லாமல் ஒரே ஒரு காக்கை வந்து எங்கள் தலைக்கு மேல் கிளையில் உட்கார்ந்தது. மூச்சு வாங்கி என் மூக்குக் கண்ணாடி பனி படிந்திருந்தது. அதைத் துடைக்கத் தலையை நிமிர்த்தினேன். சூரியன் கண்ணாடியில் பட்டது.

காக்கை தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. ஒரு கணம் இருக்கும். பிறகு, குறுகலாக, மூன்று தரம் கத்தியது. முப்பது காக்கைகளும் ஒரே கயிற்றில் கட்டி இழுத்தது போலத் திரும்பின. ஒருவருக்கும் துப்பாக்கியைத் தூக்க நேரமில்லை.

"வாத்தியாரே, உமது கண்ணாடி மூன்று மைலுக்குத் தந்தியடித்துவிட்டது" என்றார் தபால்காரர். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வேண்டுமென்றே செய்தேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன விடை சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

பதினொரு காக்கைகளையும் பொறுக்கிச் சாக்கில் இட்டு, மரத்தோப்பின் ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். வண்டி வேலியின் கோடியிலேயே நின்றது. வண்டியைக் கண்காணாத் தூரத்தில் விடுவதுதான் முறை. விவசாயிக்கு முழங்கால் வலி, நடக்க முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது தங்கை பின்கட்டு மரத்தளத்தின் கைப்பிடியில் ஒரு பிடி சோறு வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா வைத்த வழக்கத்தை அவள் விடவில்லை. "எத்தனை, அண்ணா?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் பேசாமல் உள்ளே போய்விட்டாள். சற்று நேரத்தில் ஓர் அணில் வந்து சோற்றைக் கொறித்தது.

நான் அங்கிருந்த மீதி இரண்டு வாரமும் தினந்தோறும் காலையில் சன்னலருகே உட்கார்ந்து அந்தச் சாலையைப் பார்த்தேன். எதிர் வயலில் காக்கைகள் மேய்ந்துகொண்டிருக்கும். விவசாயியின் சிவப்பு வண்டி திருப்பத்தில் தலை நீட்டியதுமே எல்லாம் கத்திக்கொண்டு எழும்பிவிடும். அவர் வைக்கோல் ஏற்றிவந்தாலும் சரி, மாதாகோவிலுக்குப் போனாலும் சரி. பத்து மணிக்குத் தபால் வண்டி வரும். வரிசையில் வலக்கோடியில் உட்கார்ந்து நாலு காக்கைகளைச் சுட்ட மனிதர் அதிலிருந்து இறங்கி, பெட்டியில் கடிதங்களைப் போட்டு, எனக்குக் கையசைத்துவிட்டுப் போவார். அன்று அவர் முகத்தில் துணி கட்டியிருந்தார். இருபது கஜ தூரத்தில் காக்கைகள் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தன.